அயர்லாந்துச் சொல்லுக்கு ஒரு மனு

அயர்லாந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கை காட்டத் தெரியாது. ஆனாலும் அந்த நாட்டுக்காரர்கள் வாயில் புழங்கும் ஒரு சொல்லுக்காகப் புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தவள் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் பீட்டரும் சிரித்தார். அன்றைக்கு அவர் தோசையை அவரேதான் சுட்டுச் சாப்பிட்டார்.

என் பெயர் ஆரோக்கியம்மாள். கீரனூரில் வீடு, திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவில் வேலை. வருகிறவர்கள் எடுக்கப்போவதில்லை என்று தெரிந்தும் நாள் முழுக்கத் துணியைப் பிரித்துப் பிரித்துக் காட்டுகிறவளுக்குப் பொறுமை அதிகம் என்று நினைப்பீர்கள். அந்தப் பொறுமையெல்லாம் கடையிலேயே தீர்ந்துவிடும். வீட்டுக்கு வரும்போது கோபம் மட்டும்தான் கையிருப்பு. என் மகள் இசைவாணிக்கு என் ஜாடை; குணம் அவள் அப்பாவுடையது. அதிர்ந்து பேச மாட்டாள்.

பிளஸ் ஒன் படிக்கிற அவளுக்கு வினாடி வினா என்றால் உயிர். மாவட்டம் முழுவதும் இருக்கிற பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி, வருஷா வருஷம் ஓர் அறக்கட்டளை புதுக்கோட்டையில் போட்டி நடத்துகிறது. முதலில் வருகிற ஒரே ஒருவர்தான் சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போக முடியும். போன வருஷம் மூன்றாவதாக வந்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். இந்த வருஷம் சென்னையை விடுவதில்லை என்று முடிவு கட்டி, குளிக்கும்போதுகூட நாடுகளின் தலைநகரங்களை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வீணாகிறது என்று நான் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "மங்கோலியா" என்று பதில் வரும்.

போட்டி நாளன்று நான் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். கடைசியில் மேடையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். இவளும், ஜெகதாப்பட்டினத்திலிருந்து வந்திருந்த சூர்யபிரகாஷ் என்ற பையனும். இரண்டு பேரும் சம மதிப்பெண்ணில் நின்றதால் ஒரே ஒரு கேள்வி, யார் முதலில் பஸ்ஸரை அழுத்துகிறார்களோ அவர்களுக்கு முதல் வாய்ப்பு என்றார்கள். கேள்வி கேட்டவர் அறக்கட்டளையின் செயலாளர் அறிவுமதி. கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர். கையில் இருந்த கார்டைப் பார்த்து நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"கிராக். அயர்லாந்து மக்கள் அரட்டைக்கும் கலகலப்புக்கும் சொல்கிற பேச்சு வழக்குச் சொல். இந்தச் சொல் எந்த மொழியில் பிறந்தது?"

இவள் பஸ்ஸரை அடித்துவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் அது எங்கள் வீட்டில் ஓடி விளையாடுகிற சொல். என் தங்கை ஜெசிந்தா அயர்லாந்தில் நர்சாக இருக்கிறாள். போனில் வந்தால் நலமா என்று கேட்க மாட்டாள், "என்னக்கா கிராக்?" என்பாள். யாரைப் பார்த்துடி கிராக்கு என்கிறாய் என்று நான் சண்டை போட்டு, அவள் விளக்கம் சொல்லி, அதெல்லாம் முடிந்த கதை. நாலு பேர் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாதே, அதற்கு அவர்கள் ஊரில் அந்தப் பேராம். அன்றைக்கே இசைவாணி அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தாள்.

"இங்கிலீஷ், சார்" என்றாள் மேடையில்.

அறிவுமதி கார்டைத் திருப்பிப் பார்த்தார். "தவறு. அடுத்தவர்?"

"ஐரிஷ், சார்" என்றான் சூர்யபிரகாஷ்.

அவ்வளவுதான். கைத்தட்டு, கோப்பை, போட்டோ. இசைவாணி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "சார், அது இங்கிலீஷ்ல இருந்து அங்க போன சொல்லு சார். எழுத்தைத்தான் அவங்க ஐரிஷ் மாதிரி மாத்திக்கிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மைக்கை அணைத்துவிட்டார்கள். நான் எழுந்து நின்று கேட்டேன். "புள்ளை சொல்றதைக் காது குடுத்துக் கேக்கலாம்ல?"

"கார்டுல என்ன இருக்கோ அதுதாம்மா விடை. கார்டுதான் கடைசி. நீங்க உக்காருங்க. தோக்குறதும் ஒரு படிப்புதான்" என்றார் அவர் சிரித்த முகமாக. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் அழவில்லை. அழுதிருந்தால் இரண்டு அதட்டுப் போட்டு, ஒரு வடை வாங்கிக் கொடுத்து விஷயத்தை முடித்திருப்பேன். "ம்மா, நான் தப்பா சொல்லித் தோத்திருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. சரியா சொல்லிட்டுத் தோத்தா அதை எங்கிட்டு வச்சுக்கிறது?" என்றாள். இதை விடுவதில்லை என்று கீரனூர் வருவதற்குள் எனக்குள் முடிவாகிவிட்டது.

முதலில் அறிவுமதி வீட்டுக்குப் போனேன். மரியாதையான மனிதர், காபி கொடுத்தார். கேள்விகளைச் சென்னையில் ஒருவரிடமிருந்து கட்டாக வாங்குகிறார்களாம். கார்டை மாற்ற ஆரம்பித்தால் ஒவ்வொரு பெற்றோரும் வந்து நிற்பார்களாம். "சந்தேகமா இருந்தா அயர்லாந்துக்காரங்களையே கேட்டுப் பாருங்களேன்" என்று சொல்லி வாசல் வரை வந்து வழியனுப்பினார். போகாத ஊருக்கு வழி சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு. என் தங்கை அங்கேதான் குப்பை கொட்டுகிறாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கே ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். "ஒங்கூட வேலை பாக்குற ஆளுங்க எல்லாரையும் நிக்க வச்சு, இது இங்கிலீஷ் சொல்லுதான்னு சொல்லச் சொல்லி ஒரு வீடியோ அனுப்புடி" என்றேன்.

வீடியோ வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சிவப்புச் சிவப்பாக நாலைந்து பேர். ஒருவர் பாக்கியில்லாமல், இது எங்கள் சொல், எங்கள் முப்பாட்டன் காலத்துச் சொல் என்கிறார்கள். தலை நரைத்த ஒரு நர்சு கண் கலங்கியே விட்டாள். ஜெசிந்தா அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். "'எங்க நெலத்தை எடுத்தான், மொழியை எடுத்தான், இப்ப நாங்க சிரிச்சுப் பேசுறதையும் இங்கிலாந்துக்காரன் பேர்ல எழுதணுமா'ன்னு கேக்குது அக்கா. இந்தப் பேச்சை எடுத்ததுல இருந்து எங்கூட டீ குடிக்க ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க. என்னைய ஆளை விடு."

நானே தேடிப்போய்ப் பிடித்த சாட்சி எனக்கே எதிராகத் திரும்பிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளே ஆட்டம் கண்டுவிட்டது. "ஏண்டி, பேசுறவங்களே அப்பிடிச் சொல்றாங்களே, நீ ஒழுங்காத்தான் படிச்சியா?" என்று மகளைக் கேட்டேன்.

"நம்ம பஸ் ஸ்டாண்டுல நிக்கிற ஆளுங்ககிட்ட சாவி, ஜன்னல், அலமாரியெல்லாம் எந்த மொழின்னு கேட்டுப் பாரு. தமிழ்னுதான் சொல்வாங்க. எல்லாம் போர்ச்சுக்கீசு. கப்பல்ல வந்து எறங்குனது."

"சாவியுமா?"

"சாவியுந்தான்."

கையில் இருந்த வீட்டுச் சாவியை நான் ஒரு தினுசாகப் பார்த்தேன். பிறகு அதை இடுப்பில் செருகிக்கொண்டு, திங்கட்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் எந்த வழியும் அடைபட்டால் கடைசி வழி ஒன்று உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். பட்டா வரவில்லையா, ரோடு சரியில்லையா, பெற்ற பிள்ளை சோறு போடவில்லையா, எதுவானாலும் ஒரு மனு. வாசலில் மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கும் குழந்தைசாமி அண்ணன் என்னைப் பார்த்ததும் தாளை எடுத்து வைத்தார்.

"பட்டாவா தங்கச்சி?"

"இல்லண்ணே. அயர்லாந்துச் சொல்லு."

அவர் பேனாவை மூடினார். நான் முழுக் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எனக்கு எழுத வராத மனுன்னு ஒண்ணு இருக்கக் கூடாது" என்று பேனாவைத் திறந்தார். 'பொருள்: அயர்லாந்து நாட்டுப் பேச்சு வழக்குச் சொல்லின் பிறப்பிடம் தொடர்பாக உரிய விசாரணை செய்து, என் மகளுக்கு நியாயம் வழங்க வேண்டுதல்.' எழுதி முடித்துவிட்டு அவரே ஒரு தடவை ரசித்துப் படித்தார்.

உள்ளே மனு வாங்கிய அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். சிரிக்கப்போகிறார், சிரித்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போவது என்று தயாராக நின்றேன். அவர் சிரிக்கவில்லை. கல்வி அலுவலகத்துக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரசீது கொடுத்தார். எனக்குப் பின்னால் நின்ற கிழவி "பட்டா கெடைச்சிருச்சா தாயி?" என்று விசாரித்தாள்.

ஒரு வாரத்துக்குள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் பிரகதாம்பாள் அம்மாவின் அறை. ஒரு பக்கம் நானும் இசைவாணியும், இன்னொரு பக்கம் அறிவுமதி. சூர்யபிரகாஷும் அவன் அப்பாவும் வந்திருந்தார்கள். அவன் அப்பா சவரியப்பன் ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்டில் வேலை செய்கிறவர். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தாராம். "எம்மகன் சென்னைக்குப் போறான்னு ஊர்ல பிளக்ஸ் அடிச்சு வச்சுட்டாங்கம்மா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கடப்பட்டால் காரியம் கெட்டுவிடும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இசைவாணி நூலகத்தில் அகராதிகளைப் பார்த்து நகல் எடுத்து வந்ததை மேசையில் வைத்தாள். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடக்கிலும் பேச்சு, அரட்டை என்ற பொருளில் இருந்த சொல், பிறகு அயர்லாந்துக்குப் போனது என்று அதில் இருந்தது. அறிவுமதி அவர் பங்குக்கு ஐரிஷ் என்று சொல்லும் வேறு சில தாள்களை வைத்தார். "அயர்லாந்துக்காரங்களே எங்க சொல்லுன்னுதானே மேடம் சொல்றாங்க" என்றார். வீடியோ விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பார்த்தால், வெளியே காத்திருந்தபோது இவள்தான் காட்டியிருக்கிறாள். எதிரிக்குச் சாட்சியை எடுத்துக் கொடுக்கிற பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுவது?

நான் எழுந்தேன். "மேடம், அந்தப் பீரோ சாவியைக் கொஞ்சம் குடுங்க."

பிரகதாம்பாள் அம்மா ஒன்றும் புரியாமல் எடுத்துக் கொடுத்தார். அதை மேசை நடுவில் வைத்தேன். "சார், இது என்ன?"

"சாவி."

"எந்த ஊரு சொல்லு?"

"தமிழ்தான்..." என்று ஆரம்பித்தவர், ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவர் இல்லையா, பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் கப்பல் கதையைச் சொன்னேன். "பொழுது விடிஞ்சா பொழுது போனா இந்தச் சொல்லைத்தான் பேசுறோம். இது எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு நமக்குத் தெரியுதா? அவங்களும் நம்மள மாதிரி மனுசங்கதானே." பிரகதாம்பாள் அம்மா சாவியை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் இசைவாணியிடம் கேட்டார். "நீ சொன்னதுதான் சரின்னு நூத்துக்கு நூறு சொல்வியா?"

"இல்ல மேடம்" என்றாளே பார்க்கலாம். மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டு பேசினாள். "பெரிய அகராதிகள் எல்லாம் நான் சொன்ன பக்கந்தான். ஆனா அதை ஒத்துக்காதவங்களும் இருக்காங்க. சண்டை தீராத விஷயத்துக்கு ஒரே விடைன்னு கேட்டதுதான் தப்பு."

பிரகதாம்பாள் அம்மா ஒரு வழி சொன்னார். அந்தக் கேள்வியையே செல்லாது என்று வைத்துக்கொள்ளலாம், இரண்டு பேரும் பழையபடி சமம், இங்கேயே வேறு ஒரு கேள்வி கேட்டு முடித்துவிடலாம், அறக்கட்டளைக்குச் சம்மதமா என்றார். அறிவுமதி பையிலிருந்து பிரிக்காத கார்டுக் கட்டு ஒன்றை எடுத்தார். "சம்மதம் மேடம். ஆனா கார்டுதான் கடைசி. அதுக்கப்புறம் மனு கினுன்னு யாரும் போகக் கூடாது" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "கர்த்தர் சாட்சியா போக மாட்டேன்" என்றேன். சவரியப்பனும் தலையாட்டினார்.

பஸ்ஸருக்கு எங்கே போவது? பியூனைக் கூப்பிட வைத்திருக்கிற தட்டு மணியை மேசை நடுவில் வைத்தார்கள். அறிவுமதி மேலே இருந்த கார்டை உருவினார்.

"கொடும்பாளூர் மூவர் கோயில் வளாகத்தில் இன்று எத்தனை கோயில்களைக் காணலாம்?"

சூர்யபிரகாஷ் மணியை அடித்தான். பியூன் ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "ரெண்டு, சார்."

அறிவுமதி கார்டைத் திருப்பினார். "தவறு."

"சார், நாங்க போய்ப் பாத்தோம் சார். மூணாவதுக்கு அடித்தளம் மட்டுந்தான் கெடக்கு."

"கார்டுதான் கடைசின்னு பேசிட்டுத்தானே தம்பி உக்காந்தோம்."

சவரியப்பன் தரையைப் பார்த்தார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மூவர் என்றால் மூன்று, இதைக்கூடவா தப்பாகச் சொல்வான்? கொடும்பாளூர் எங்களுக்கு ஒரு தூரமே இல்லை. பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஒரு நாளும் போனதில்லை. அறிவுமதியும் போனதில்லை, பிரகதாம்பாள் அம்மாவும் போனதில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. நான் மடியில் மூன்று விரலை விரித்து மகளுக்குக் காட்டினேன்.

இசைவாணி என் விரலைப் பார்த்தாள். பிறகு அந்தப் பையனைப் பார்த்தாள்.

"ரெண்டு, சார்."

"ரெண்டு தப்புன்னு இப்பதானேம்மா சொன்னேன்?"

"தெரியும் சார். கார்டுல மூணுன்னு இருக்கும். ஸ்கூல்ல டூர் கூட்டிட்டுப் போனப்ப நானும் பாத்திருக்கேன். ரெண்டுதான் நிக்குது. அவன் சொன்னதுதான் சரி. மணியும் அவன்தான் மொதல்ல அடிச்சான்."

"அடிப்பாவி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எத்தனை லீவு, எத்தனை அலைச்சல், மரத்தடியில் எத்தனை வெயில். மூன்று என்று ஒரு வார்த்தை சொன்னால் சென்னை. கையில் வந்து விழுந்ததை எடுத்து எதிராளிக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். இழுத்து நாலு சாத்து சாத்தலாமா என்று இருந்தது. அந்தப் பையன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அறிவுமதி தொண்டையைக் கனைத்தார். "கார்டுப்படி பாத்தா ரெண்டு பேரும் தவறு. வேற ஒரு கேள்வி கேட்டுடலாம். இன்னும் நெறைய கார்டு இருக்கு."

இன்னொரு வாய்ப்பு. தலையாட்டினால் போதும். இவள் ஜெயித்துவிடுவாள், எனக்குத் தெரியும். பிரகதாம்பாள் அம்மா என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"வேற கேள்வி எதுக்கு சார்?" என்றேன். என் குரல் எனக்கே கரகரப்பாகக் கேட்டது. "அந்தப் பையன் பேரை எழுதுங்க."

"அம்மா, கார்டுல..."

"கார்டைத் தூக்கி அங்கிட்டு வைங்க. வெளிய போனா பஸ் இருக்கு. வாங்க, எல்லாருமா கொடும்பாளூருக்குப் போய் எண்ணிப் பாத்துட்டு வருவோம். வர மாட்டீங்கன்னா சொல்லுங்க, அடுத்த திங்கக்கெழமை இந்தப் பையனுக்காக நான் மனு குடுக்குறேன்."

"மனு குடுக்க மாட்டேன்னு இப்பதானே கர்த்தரைச் சாட்சிக்குக் கூப்பிட்டீங்க?"

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

அறிவுமதி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கார்டில் இருந்த மூன்றை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார். பிரகதாம்பாள் அம்மா தாளில் சூர்யபிரகாஷ் என்று பெயரை எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். போடும்போது கண்ணீர் தாளில் விழுந்துவிடப் போகிறதே என்று தலையைச் சாய்த்துக்கொண்டேன். சவரியப்பன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பெருந்தன்மையில் அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். அதெல்லாம் இல்லை. சென்னைக்குப் போகப்போவது என் மகள் இல்லையே என்ற அழுகைதான் அது. பெருமையெல்லாம் பஸ் கீரனூரைத் தொட்ட பிறகுதான் வந்தது.